ஒரே பாயில் வந்த அம்மை

திருச்சி எடமலைப்பட்டி புதூரில் முப்பத்தோர் ஆண்டுகளாகப் புதன்கிழமை என்றால் டோரதி சிஸ்டர்தான். நகர்ப்புற நலவாழ்வு மையத்தின் முன்தாழ்வாரத்தில் ஒரு மேசை, அதன்மேல் நீலநிறத் தடுப்பூசிப் பெட்டி, பெட்டிக்குள் பனிக்கட்டிப் பைகள், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பஞ்சு, சுவரோரமாக மூன்று பெஞ்சுகள். காலை ஒன்பது மணிக்கு முதல் குழந்தை அழத் தொடங்கும். பகல் ஒன்றரை மணிக்குக் கடைசிக் குழந்தை அழுது ஓயும். இரண்டுக்கும் நடுவில் டோரதி ஒரு முறைகூட உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஊசியைக் கையில் எடுத்ததும், "உங்க பேரு என்ன தங்கம்?" என்று குழந்தையிடம் கேட்பார். ஆறு வாரக் குழந்தை பெயர் சொல்லுமா? தாய்தான் சொல்வாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் ஊசி ஏறி இறங்கியிருக்கும். அதன் பிறகு தாயிடம் நாலு வார்த்தை. போட்டது என்ன ஊசி, அது எந்த நோயைத் தடுக்கும், போட்டபின் உடம்புக்கு என்ன செய்யும், அடுத்த ஊசி எப்போது. நாலும் சொல்லி முடித்ததும் பெஞ்சைக் காட்டுவார். "அரை மணி நேரம் உட்கார்ந்துட்டுத்தான் போகணும்." மாவட்ட ஆட்சியரின் வீட்டுக் குழந்தையே வந்தாலும் அந்த அரை மணியில் ஒரு நிமிடம் குறையாது.

சில வாரங்கள் கழித்து அதே தாய்மார்களில் ஒருத்தி கலங்கிய முகத்துடன் வந்து நிற்பாள்.

"சிஸ்டர், பிள்ளைக்கு அக்குள்ல நெறி கட்டியிருக்கு. ஊசி ஒத்துக்கலையா?"

"நல்லா ஒத்துக்கிச்சு. அதான் கட்டியிருக்கு. வெள்ளணுவெல்லாம் அங்க கூடி உட்கார்ந்து, வந்தவன் யாரு, மூஞ்சி எப்படி இருந்துச்சு, மறுபடி வந்தா எப்படிப் பிடிக்கிறதுன்னு பேசிக்கிட்டு இருக்கு. கூட்டம் கலைஞ்சா வீக்கம் வத்திடும். எண்ணெய் கிண்ணெய் தடவிடாத."

இப்படி ஆயிரம் தாய்மார்களிடம் சொன்னவருடைய வெள்ளணுக்களே, ஐம்பத்தெட்டாம் வயதில் அவரைக் கைவிட்டன.

முதலில் பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிந்தது. பிறகு இடித்துக்கொள்ளாமலேயே தொடையிலும் கையிலும் நாவற்பழ நிறத்தில் கன்றிப்போன இடங்கள் தோன்றின. புத்தூரில் ஓர் ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்தார். மறுநாள் அறிக்கையைத் தாமே வாங்கிப் படித்தார். வெள்ளணுக்கள் எண்ணிக்கையில் பத்து மடங்கு இருந்தன. ஆனால், எதுவும் முதிர்ந்த அணு அன்று. கிருமியைக் கண்டதும் முதலில் ஓடிச்சென்று விழுங்க வேண்டியவையும், எதிர்ப்பொருள் சுரக்க வேண்டியவையும், ஒருமுறை கண்ட பகையை ஆயுள் முழுக்க நினைவில் வைக்க வேண்டியவையும் எலும்பு மஜ்ஜைக்குள் வளரவே இடம் கிடைக்காமல், வேலை அறியாத ஒரே வகை அணுக்களின் நெரிசலில் நசுங்கிக்கொண்டிருந்தன. இரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர் சொல்வதற்கு முன்பே டோரதிக்கு அது விளங்கிவிட்டது.

வேலூரில் மருந்து ஏற்றி நோயை அடக்கினார்கள். அடக்கினால் மட்டும் போதாது, பழைய மஜ்ஜையை அழித்துவிட்டு உடன்பிறந்தவருடைய அணுக்களைச் செலுத்த வேண்டும் என்றார்கள்.

உடன்பிறந்தவர் ஒரே ஒருவர்தான். மூன்று வயது இளையவரான சகாயநாதன்.

திருவரங்கத்தில் அம்மாமண்டபம் சாலையில் சகாயநாதனுக்குப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்று இருந்தது. கடையின் இடப்பக்கச் சுவர் முழுவதும் பள்ளிகொண்ட பெருமாள். வலப்பக்கச் சுவரில் கல்யாணப் படங்களும் பட்டமளிப்புப் படங்களும். கல்லாவுக்கு மேலே தனியாக ஒரு சகாயமாதா. "பெருமாளுக்கும் மாதாவுக்கும் ஒரே கண்ணாடியைத்தான் அறுக்கிறேன். ரெண்டு பேரும் இதுவரைக்கும் கோவிச்சுக்கல" என்பது அவர் வாடிக்கையாகச் சொல்வது. கண்ணாடி அறுக்கும் கைகளில் எப்போதும் இரண்டு மூன்று கீறல்கள் இருக்கும். காயம் பட்டால் மஞ்சள் தூளை அப்பிக்கொண்டு வேலையைத் தொடர்வார்.

"டிடி ஊசி போட்டியாடா?" என்று டோரதி கேட்காத மாதமில்லை.

"போட்டாச்சுக்கா, போட்டாச்சு. நேத்துதான்."

போட்டிருக்க மாட்டார் என்பது டோரதிக்குத் தெரியும். சகாயநாதனுக்கு ஊசி என்றால் உயிர் போய் உயிர் வரும். ஊசி எழுதாத மருத்துவரையே தேடிப்பிடித்துப் போவார். கொரோனாக் காலத்தில் ஊரே கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றபோது, கேட்டவர்களிடமெல்லாம் "லேசா காய்ச்சல் அடிக்குது, சரியாகட்டும்" என்று சொல்லியே இரண்டு ஆண்டுகளை ஓட்டியவர் அவர்.

அந்தப் பயத்துக்கு டோரதியும் ஒருவகையில் உடந்தை. அது பாலக்கரையில், சகாயமாதா கோவிலுக்குப் பின்புறச் சந்தில் அவர்கள் குடியிருந்த காலத்தில் நடந்தது. டோரதிக்குப் பதினொரு வயது; சகாயநாதனுக்கு எட்டு. பள்ளிக்கு ஜீப்பில் சுகாதாரத் துறையினர் வந்து இறங்கினார்கள். முற்றத்தில் மாணவர்கள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஸ்பிரிட் விளக்கின் நீலச் சுடரில் ஊசியை வாட்டுவதைப் பார்த்த மாத்திரத்தில் சகாயநாதன் வரிசையிலிருந்து மறைந்தான். அவன் எங்கே போயிருப்பான் என்று டோரதிக்குத் தெரியும். கோவில் மணிக்கூண்டின் அடியில், திருவிழாத் தேரின் சக்கரங்களை அடுக்கி வைத்திருக்கும் இருட்டறை. போய்ப் பார்த்தாள். ஒரு சக்கரத்துக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கால்சட்டை நனைந்திருந்தது.

அவள் அவனை இழுத்துச் செல்லவில்லை. திரும்பிவந்து, பெயர்ப்பட்டியலை வைத்திருந்த அதிகாரியிடம், "என் தம்பிக்குப் பெரியாஸ்பத்திரியில போட்டாச்சு சார்" என்று கண்ணிமைக்காமல் சொன்னாள். அவர் நம்பி, பெயருக்கு நேரே ஒரு குறி போட்டார். தம்பிக்காக அவள் சொன்ன முதல் பொய் அது. பிற்காலத்தில் ஊர்ப் பிள்ளைகளில் ஒன்றைக்கூட விடாமல் ஊசி போட்டவர், வீட்டுப் பிள்ளை ஒன்றை அன்றே விட்டிருந்தார்.

வேலூரில் இரண்டு பேரின் இரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உடன்பிறந்தவர்களுக்குள் நால்வரில் ஒருவருக்குத்தான் முழுமையாகப் பொருந்தும் என்பார்கள். முழுமையாகப் பொருந்தியது. மகிழ்ச்சியோடு செய்தியைச் சொன்ன மருத்துவர், தொடர்ந்து ஒரு கேள்வியும் கேட்டார்.

"தம்பி என்னென்ன தடுப்பூசி போட்டிருக்கார்? அவரோட நினைவணுக்கள் கொஞ்சம் உங்களுக்கு வரலாம், வராமலும் போகலாம். எதுக்கும் தெரிஞ்சு வச்சுக்கலாம்."

டோரதி தம்பியைப் பார்த்தார். தம்பி மின்விசிறியைப் பார்த்தார்.

"ஒண்ணும் போட்டதில்ல டாக்டர்" என்றார் டோரதி.

"ஒண்ணுமா? நீங்க தடுப்பூசி சிஸ்டர்தானே?"

"ஆமாம் டாக்டர். சின்ன வயசுல நான்தான் பொய் சொல்லித் தப்பிக்க வச்சேன்."

மருத்துவர் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். பிறகு சகாயநாதனிடம் நடக்கப்போவதை விளக்கினார். மஜ்ஜையில் உள்ள மூல அணுக்கள் இரத்தத்தில் இறங்கிவருவதற்காக நாள்தோறும் ஊசி, ஐந்து நாள். அதன்பின் ஒரு கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் அணுக்களைப் பிரித்து, மறு கை வழியாகத் திருப்பிச் செலுத்துவார்கள். நான்கு மணி நேரம் இரு கையையும் அசைக்கக் கூடாது.

"இரண்டு கையிலயும் ஊசியா?" என்றார் சகாயநாதன்.

"இரண்டு கையிலயும்."

அவர் எழுந்து வெளியே போனார். டோரதியின் கணவர் டோமினிக், பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுந்து பின்னால் போகப் பார்த்தார். டோரதி கையைப் பிடித்து உட்கார வைத்தார். "விடுங்க. வருவான்." ஆனாலும் அவருக்கே உறுதியில்லை. பெரிய மருத்துவமனைகளில் ஒளிந்துகொள்ள எத்தனையோ இடங்கள் உண்டு.

கால் மணி நேரத்தில் சகாயநாதன் திரும்பி வந்தார். முகம் கழுவியிருந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டிருந்தார். "எங்க போடணும்?" என்று கேட்டார். அந்த ஐந்து நாளும் ஒவ்வோர் ஊசிக்கும் கண்ணை மூடிக்கொண்டு, பாலக்கரைச் சந்தில் இருந்த வீடுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்ததாகத் தாதி ஒருவர் பின்னர் டோரதியிடம் சொன்னார். "இன்னாசி வீடு, தையக்கார மாமா வீடு, வள்ளிக்கண்ணு வீடு... மூணாவது வீட்டுல ஊசி முடிஞ்சிரும், அவர் பாட்டுக்குக் கடைசி வீடு வரைக்கும் போயிட்டுத்தான் கண்ணைத் திறப்பார்."

ஓர் ஏப்ரல் மாத முற்பகலில், தக்காளிச் சாற்றின் நிறத்தில் இருந்த ஒரு சிறு பை டோரதியின் தலைக்கு மேல் தொங்கியது. அறுவை இல்லை, கத்தி இல்லை. சொட்டுச் சொட்டாக இறங்கிய அணுக்கள் தாமாகவே எலும்புக்குள் வழி தேடிக் குடியேறும் என்றார்கள். பதினேழு நாள் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே டோரதி, வெளியே தம்பி. பதினெட்டாம் நாள் முதல் வெள்ளணுக்கள் தலைகாட்டின. மருத்துவமனை வழக்கப்படி அணுக்கள் ஏறிய நாளைப் புதிய பிறந்தநாள் என்று சுவரில் எழுதி வைத்திருந்தார்கள்.

அதன் பிறகு எடமலைப்பட்டி புதூர் வீட்டின் முன்னறையில் ஓராண்டு. டோமினிக் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைப்பார். நாளுக்கு இருமுறை வெப்பமானி வைப்பார். கடையிலிருந்து வரும் காய்கறியை மூன்று தண்ணீரில் கழுவுவார். சகாயநாதன் ஞாயிறுதோறும் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து, சன்னலுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து பேசுவார்.

"என்னக்கா, என் ரத்தம் எப்படி ஓடுது?"

"சோம்பேறித்தனமா ஓடுது. பத்து மணிக்குத்தான் எந்திரிக்குது."

"கடைக்காரன் ரத்தம். பத்துக்குத்தான் கதவு தெறக்கும்."

"மாப்ள, நீ கொடுத்ததுக்கு அப்புறம் இவ ரசத்துல உப்பு தூக்கலாப் போடச் சொல்றா. நீ திங்கிற மாதிரியே" என்பார் உள்ளிருந்து டோமினிக்.

"அப்போ சரியா ஒட்டிக்கிச்சு மாமா."

டோரதியின் இரத்த வகைகூட மாறிவிட்டிருந்தது. பிறந்ததிலிருந்து பி வகை. இப்போது தம்பியின் ஓ வகை. அதைவிட அவரை அசைத்தது மற்றொரு செய்தி. இடது தோளில் இருந்த, அம்மை குத்திய தழும்பைத் தடவிக்கொண்டே, "இதெல்லாம் போட்டிருக்கேனே டாக்டர்" என்று ஒருமுறை கேட்டபோது, "தழும்பு இருக்கும் சிஸ்டர். ஆனா அந்தத் தழும்பை ஞாபகம் வச்சிருந்த அணுக்கள் இப்போ இல்ல. அநேகமா எல்லாத்தையும் முதல்லேர்ந்து போடணும், பச்சைக் குழந்தைக்குப் போடுற மாதிரி" என்றார் மருத்துவர். முப்பத்தோர் ஆண்டுகள் தாம் சொல்லிவந்த பாடம் தம் உடம்பிலேயே கரும்பலகை எழுத்துபோல் அழிந்துபோனதை டோரதி அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மே முப்பத்தொன்றாம் தேதி பணி ஓய்வு. அதற்கு முன் ஒரே ஒரு புதன்கிழமை அந்த மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டும். நோய் வந்த வாரம், 'அடுத்த புதன் வந்திடுவேன்' என்று சொல்லிவிட்டு, பாதி காலியான பஞ்சுக் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு வந்தவர் அவர். அந்த அடுத்த புதன் வரவே இல்லை. விடைபெறும் நிகழ்ச்சி, சால்வை, நினைவுப் பரிசு எதையும் அவர் எதிர்பார்க்கவில்லை. சொல்லிவிட்டு வந்த சொல் நிறைவேறாமல் கிடந்தது, அதுதான் உறுத்தியது.

பிப்ரவரியில் வேலூர் போனார்கள். உதவி அணுக்கள் என்று சொல்லப்படும் வெள்ளணு வகை இருநூறைத் தாண்டியிருக்க வேண்டும்; நூற்று முப்பதுதான் இருந்தது.

"எதிரியைப் பார்த்ததும் மத்த அணுக்களுக்கு ஆணையிடுறது இதுங்கதான். இது நெஞ்செலும்புக்குப் பின்னாடி இருக்கிற தைமஸ் சுரப்பியிலதான் தேறி வரணும். குழந்தைக்கு அந்தச் சுரப்பி பெரிசா இருக்கும். நம்ம வயசுல அது சுருங்கி முக்கால்வாசி கொழுப்பாகியிருக்கும். மெதுவாத்தான் நடக்கும்" என்றார் மருத்துவர்.

"மே மாசத்துக்குள்ள நடக்குமா டாக்டர்?"

"அது தைமஸைத்தான் கேக்கணும்."

மூன்று மாதம் டோரதி நாட்காட்டியைப் பார்க்கவில்லை; ஆனால், புதன்கிழமைகளில் மட்டும் காலை ஒன்பது மணிக்குத் தெருவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போகும் பெண்களைச் சன்னல் வழியே எண்ணினார். சில நாள் பதினெட்டு. சில நாள் இருபத்தாறு. யார் யாருடைய மகள் என்று நடையை வைத்தே சொல்லிவிடுவார். அவர்களில் பலர், ஒரு காலத்தில் அதே மேசையருகே அவர் கையால் ஊசி வாங்கி அழுத குழந்தைகள்.

மே மாத இரண்டாம் வாரம் மறுபடியும் வேலூர். சகாயநாதனும் கடையைப் பூட்டிவிட்டு உடன் வந்திருந்தார். மருத்துவர் அறிக்கையை நெடுநேரம் பார்த்தார்.

"உதவி அணு இருநூத்தி நாப்பது. நல்ல செய்தி. தடுப்பூசி ஆரம்பிக்கலாம். செத்த கிருமியில செய்ற ஊசி மட்டும். உயிருள்ள கிருமி ஊசிக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும்." ஒரு தாளைப் புரட்டினார். "இங்க பாருங்க, ஒரு விசித்திரம். பழைய எதிர்ப்பொருள் எல்லாம் அநேகமா மறைஞ்சிடுச்சு. மணல்வாரி அம்மைக்கு மட்டும் இன்னும் இருக்கு. சிஸ்டர், உங்களுக்குச் சின்ன வயசுல வந்துச்சா?"

"வந்துச்சு டாக்டர். ஏழு வயசுல."

"எனக்கும் வந்துச்சு" என்றார் சகாயநாதன். "இவளுக்கு வந்து அஞ்சாறு நாள் இருக்கும், எனக்கு. ரெண்டு பேரும் ஒரே பாயிலதான் கிடந்தோம்."

அந்தப் பாய் டோரதியின் கண்முன் விரிந்தது. பத்தமடைப் பாய் அன்று. ஓரம் பிரிந்த கோரைப் பாய். பள்ளி ஆசிரியையான அம்மா தலைமாட்டில் செபமாலையை வைத்தார். அடுத்த வீட்டு வள்ளிக்கண்ணு அக்கா ஒரு கொத்து வேப்பிலையோடு வாசலில் வந்து நின்று, "மாதா கோவிச்சுக்குவாங்களா டீச்சர்?" என்று கேட்டார். அம்மா ஒரு கணம் யோசித்தார். "மாதாவும் தாய்தானே, கொண்டா" என்றார். செபமாலை ஒரு பக்கம், வேப்பிலை மறு பக்கம். நடுவில் இரண்டு பிள்ளைகள், செக்கச்சிவந்த மேனியோடு. சொறியக் கூடாது என்று அம்மா கட்டளையிட்டிருந்தார். தம்பி சொறியாமல் இருக்க அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொறியாமல் இருக்க அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்போ இந்த ஞாபகம் என்னோட பழைய உடம்போடதா, இவனோடதா டாக்டர்?"

"சொல்ல முடியாது சிஸ்டர். பழைய உடம்புல தப்பிப் பிழைச்ச ரெண்டொரு அணுவா இருக்கலாம். தம்பிகிட்டேர்ந்து வந்ததாவும் இருக்கலாம். ரெண்டும் ஒரே அம்மையைத்தானே பார்த்திருக்கு!"

சகாயநாதன் மூக்கை உறிஞ்சினார். "ஊசி போடாதவன்னு எல்லாரும் கேலி பண்ணீங்களே" என்று மட்டும் சொன்னார்.

டோரதி கேட்க வேண்டியதைக் கேட்டார். மே இருபத்தெட்டு புதன்கிழமை. மையத்தில் வேலை செய்யலாமா?

மருத்துவர் தலையசைத்து மறுத்தார். காய்ச்சலும் சளியுமாக இருபது குழந்தைகள் வரும் இடம் அது. அங்கே கொடுக்கும் சொட்டு மருந்தில் வலுவிழந்த கிருமி உயிரோடு இருக்கும். குழந்தை வாயிலிருந்து வழிந்தால், துடைக்கும் கை டோரதியின் கையாக இருக்கும். "முப்பது வருஷம் நீங்களே எத்தனை தாய்மாருக்குக் கண்டிப்பா இருந்திருப்பீங்க! இப்போ நான் உங்ககிட்டக் கண்டிப்பா இருக்கேன். வேலைக்குப் போகாதீங்க. ஊசி போட்டுக்கப் போங்க. கூட்டம் வர்றதுக்கு முன்னாடி."

திரும்பும் ரயிலில் டோரதி மனத்துக்குள் கணக்குப் போட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்க முடியாது. இந்தப் பக்கம் கை நீட்டி நிற்கலாம். அவ்வளவுதான் கிடைத்தது. விருத்தாசலம் தாண்டியதும் சகாயநாதன் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, அன்னைக்கு நான் தேர்ச் சக்கரத்துக்குப் பின்னாடி இருந்தேனே, நீ ஏன் என்னை இழுத்துட்டுப் போகல?"

"கால்சட்டை நனைஞ்சிருந்துச்சு. எல்லாரும் பார்ப்பாங்கல்ல?"



மே இருபத்தெட்டு, புதன்கிழமை, காலை எட்டு மணி. மையத்தின் தாழ்வாரம் கழுவிவிட்டு ஈரம் காயாமல் இருந்தது. டோரதிக்குப் பின் அந்த மேசைக்கு வந்திருந்த செல்லக்கிளி, அவரிடமே வேலை கற்றவர், பெட்டியைத் திறக்காமல் காத்திருந்தார். சொட்டு மருந்துக் குப்பி எதுவும் வெளியே இல்லை. மருத்துவ அலுவலர் ஃபெமினா தம் அறை வாசலில் நின்றார். டோரதி முகக்கவசத்துடன், டோமினிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். பஞ்சுக் கிண்ணம் அதே இடத்தில் இருந்தது. அதைக் கண்டதும் சற்று நின்றுவிட்டார்.

"வாங்க சிஸ்டர். புது வரவு. அட்டை போடணும்ல" என்று குழந்தைகளுக்கு எழுதும் அட்டை ஒன்றை எடுத்தார் செல்லக்கிளி. "பிறந்த தேதி?"

டோரதி, சென்ற ஆண்டு ஏப்ரலில் அணுக்கள் ஏறிய தேதியைச் சொன்னார்.

"வயசு ஒண்ணு. எடை அப்புறம் பார்ப்போம். தாயார் பேரு?"

"சகாயநாதன்னு போடு."

எல்லாரும் சிரித்தபோதுதான் சகாயநாதன் அங்கில்லை என்பது தெரிந்தது. வண்டியை நிறுத்திவிட்டு வருகிறேன் என்றவர் வரவில்லை. டோமினிக் தெருவை எட்டிப் பார்த்தார்.

"எதிர்க்க டீக்கடையில நிக்கிறான். டீ வாங்கல, சும்மா நிக்கிறான்."

"நான்தானே ஊசி போட்டுக்கப்போறேன்? அவன் எதுக்கு ஓடுறான்?" என்றார் டோரதி. ஆனாலும் காரணம் அவருக்குப் பிடிபடாமல் இல்லை.

செல்லக்கிளி பஞ்சால் துடைத்தார். "உங்க பேரு என்ன தங்கம்?" என்று கேட்டார். டோரதி வாயைத் திறந்து 'டோ' என்பதற்குள் ஊசி வெளியே வந்துவிட்டது. முப்பத்தோர் ஆண்டுகள் தாம் செய்ததன் சுகம் எப்படிப்பட்டது என்பதை மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து முதன்முதலாக அறிந்தார்.

அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சகாயநாதன் வந்து நின்றார். சட்டைக் கை தோள்வரை சுருட்டியிருந்தது. இடது பெருவிரலில் முந்தினநாள் கண்ணாடி கீறிய காயம். அதில் மஞ்சள் தூள்.

"டாக்டரம்மா" என்றார் ஃபெமினாவைப் பார்த்து. "எனக்கும் அந்த டிடி ஊசி போடணும். ஆனா இவங்க போடக் கூடாது." செல்லக்கிளியைக் காட்டினார். "எங்க அக்கா போடணும்."

"அவங்க லீவுல இருக்காங்க சார்."

"நான் நாப்பத்தொம்பது வருஷமா லீவுல இருக்கேன்."

ஃபெமினா டோரதியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார், குழந்தைகள் யாரும் இன்னும் வரவில்லை. "கையுறை போட்டுக்கங்க சிஸ்டர். ஒரே ஒருத்தருக்கு. நான் பக்கத்திலயே நிக்கிறேன்" என்றார்.

டோரதி மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நான்கே அடிதான். டோமினிக் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை மிகுந்த அக்கறையுடன் படித்தார். டோரதி குப்பியை எடுத்து, தேதியைப் பார்த்து, மருந்தை உறிஞ்சி, காற்றுக் குமிழை வெளியேற்றினார். தம்பியின் தோள்மீது இடக்கை விரல்களை வைத்தார். அந்தத் தோளில் ஒரு தழும்புகூட இல்லை.

சகாயநாதன் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. "இன்னாசி வீடு..."

"உங்க பேரு என்ன?" என்று கேட்டார் டோரதி.

"அதான் தெரியும்ல!" என்று கண்ணைத் திறந்தார் சகாயநாதன். ஊசி முடிந்துவிட்டிருந்தது. நம்பாமல் தோளைப் பார்த்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்டா."

பஞ்சை அழுத்திக்கொண்டு டோரதி நாலு வார்த்தையும் சொன்னார். இது டெட்டனஸுக்கும் தொண்டை அடைப்பானுக்கும் போடும் ஊசி. கண்ணாடி கீறினாலும் துருப்பிடித்த ஆணி குத்தினாலும் காப்பாற்றும். கை இரண்டு நாள் வலிக்கும், எண்ணெய் தடவக் கூடாது. அடுத்தது இன்னும் ஒரு மாதத்தில். சொல்லும்போது குரல் பழைய குரலாகவே இருந்தது என்று செல்லக்கிளி பிறகு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவும் தம்பியும் தாழ்வாரத்தின் கடைசிப் பெஞ்சில், காற்று வரும் ஓரத்தில், உட்கார்ந்தார்கள். இரண்டு பேரும் இடது தோளைப் பிடித்திருந்தார்கள்.

முதல் தாய் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டாள். படிக்குக் கீழேயே நின்று, கைக்குழந்தையை மார்போடு அணைத்தபடி, முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களை அடையாளம் கண்டுகொண்டாள்.

"சிஸ்டர்! வந்துட்டீங்களா? நீங்க ஊசி போடலையா இன்னைக்கு?"

"போட்டுட்டேம்மா. ஒருத்தருக்கு."

சகாயநாதன் எழுந்தார். "கிளம்பலாமா அக்கா? கடை தெறக்கணும்."

டோரதி கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு. உட்காரு."